சுப்பராயலுவைத் தாண்டி ஒரு கழி

ஆதிகேசவனுக்குப் பொறாமைப்படக் காரணம் தேவையில்லை. எதிரில் ஆள் இருந்தால் போதும். பக்கத்துத் தோணியில் இறால் கூடுதலாக விழுந்தால் வயிறு எரியும். விழாமல் அந்த ஆள் வெறுங்கையோடு கரைக்குத் திரும்பினாலும் எரியும். "அவனுக்கு மட்டும் வெயிலுக்கு முன்னாடி ஊட்டுக்குப் போகக் குடுத்துவெச்சிருக்கு பாரு" என்பான். அவன் ஊரான தோணிரேவில் யாராவது செத்துப்போனால் எல்லோரும் பிணத்தைப் பார்ப்பார்கள், இவன் பிணத்தின் மேல் விழும் மாலையைப் பார்ப்பான்.

பிறவிக் குணம் அது. சின்ன வயசில் தம்பிக்கு அம்மை போட்டு வேப்பிலையில் படுக்க வைத்து, வேளைக்கு ஒரு இளநீர் கொடுத்தார்கள். "எனக்கும் அம்மை போடச் சொல்லு" என்று இவன் புரண்டு அழுதான். அம்மன் காதில் விழுந்துவிட்டது போல. அடுத்த வாரம் இவனுக்கும் போட்டது. அதற்குள் தெருவில் இளநீர் தீர்ந்துபோயிருந்தது.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவனுக்கும் தீர்ந்தது. அதன்பிறகு ஏரியும் வலையும்தான். ஆனால் கை மட்டும் சும்மா இருக்காது. பழவேற்காட்டு ஐஸ் வியாபாரி ஜலாலுதீன் பாயின் வண்டி நடுவழியில் படுத்துக்கொண்டால், மெக்கானிக்கைத் தேடிப் பொன்னேரிக்கு ஓடமாட்டார்கள், இவனைத்தான் கூப்பிடுவார்கள். இவனும் வருவான், சரி பண்ணுவான். பாயிடம் இப்படி ஒரு வண்டி இருக்கிறதே என்று பொருமிக்கொண்டே திரும்பிப் போவான்.

இப்படிப்பட்டவனுக்குப் போய் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வசந்தாவைக் கட்டிவைத்தார்கள்.

வசந்தா வீட்டில் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு. அவளுக்கு அத்தை மகன் ஒருத்தன் உண்டு, சுப்பராயலு. பிறந்ததிலிருந்து அவளுக்கு அவன், அவனுக்கு அவள் என்றுதான் பேச்சு. கிணற்றுத் தண்ணீரை யார் வயலுக்கு முதலில் திருப்புவது என்று அவளுடைய நைனாவுக்கும் சுப்பராயலுவின் அம்மாவுக்கும் சண்டை வந்தது. அண்ணனும் தங்கையும் மண்வெட்டியோடு நின்றார்கள். பேச்சு அறுந்தது. அந்தக் கோபத்தில் நைனா தேடிய முதல் மாப்பிள்ளை ஆதிகேசவன்.

இது ஊரறிந்த கதை. கேட்டவர்கள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். ஆதிகேசவன் மறக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கிணற்றில் தண்ணீர் மட்டும் நிறைய இருந்திருந்தால், இவள் அவன் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். தன் கல்யாணமே ஒரு கிணறு போட்ட பிச்சை என்று அவனுக்கு எண்ணம்.

அதற்கு மேல் இன்னொன்று. சுப்பராயலுவைப் பார்த்தால் வசந்தா வாய் நிறைய "மாமா" என்பாள். முறை அது, வேறெப்படிக் கூப்பிடுவாள்? ஆனால் புருஷனைக் கூப்பிடும்போது "யோவ்." சுப்பராயலுவோ இவனை "அண்ணே, அண்ணே" என்று உருகுவான். ஒரு தடவையாவது முறைத்தால் திட்டி ஆற்றிக்கொள்ளலாம். அந்த வசதியைக்கூட அவன் கொடுக்கவில்லை.

எண்பத்து மூணு வாக்கில் சுண்ணாம்புக்குளத்துப் பக்கம் கிணறுகளுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. அதுவரை தண்ணீர் இறைத்த மண்ணெண்ணெய் இஞ்சின்களெல்லாம் மாட்டுக்கொட்டகையில் கோழி அடைகாக்கும் இடமாகிப்போயின. யாரோ ஒருத்தர் அப்படி ஒன்றுக்கு மூணு சக்கரம் மாட்டி, கரையில் தோணியை மணல்மேல் இழுத்து ஏற்றப் பார்த்தார். இழுத்தது. இன்னொருத்தர் தன்னுடையது அதைவிட இழுக்கும் என்றார். அவ்வளவுதான், காணும் பொங்கலுக்கு ஒரு போட்டி முளைத்துவிட்டது. அதற்குப் பெயர் இழுப்பு.

இழுப்பின் வழக்கம் இதுதான். மணல் திட்டில் நேராக ஒரு பாதை, பக்கத்தில் வரிசையாக நட்ட கழிகள். ஒரு பழைய தோணியை வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டுவார்கள். தோணி ஒவ்வொரு கழியைத் தாண்டும்போதும் எதிர் ஊர்க்காரர்கள் சிலபேர் ஓடிவந்து அதில் ஏறிக்கொள்வார்கள். போகப் போக பாரம் கூடும். எங்கே வண்டி திணறி நிற்கிறதோ அங்கே கணக்கு முடிந்தது. சுண்ணாம்புக்குளத்து வண்டி இழுத்தால் தோணிரேவு ஏறும், தோணிரேவு வண்டிக்குச் சுண்ணாம்புக்குளம். ஆகவே பொங்கலுக்கு முன்னால் இரண்டு ஊரிலும் ஆட்களுக்குத் தனிக் கவனிப்பு. தோணிரேவில் மீன் கூடை சுமக்கும் ஆரோக்கியமேரியக்காவை அந்த மாசம் பூரா யார் வீட்டு வாசலைத் தாண்டினாலும் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். "ஊருக்காகத் தின்றேன்டா, உங்களுக்காக இல்ல" என்பாள் அவள், மறுசோறு வாங்கிக்கொண்டே.

சுப்பராயலு ஒரு வண்டி கட்டுகிறான் என்ற சேதி வந்தது. அன்றிரவு ஆதிகேசவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மாமனார் வீட்டில் கோழி உட்கார்ந்திருந்த இஞ்சினைக் கேட்டான். "எடுத்துக்கினு போ மாப்ளே, கோழிக்கு வேற எடம் பாத்துக்கலாம்" என்றார் நைனா. தோணியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் வசந்தா வாயைத் திறந்தாள்.

"இத சுப்பராயலு மாமாதான் ஸ்டார்ட் பண்ணும். வேற யாரு கயிறு இழுத்தாலும் கேக்காது."

அவ்வளவுதான். இஞ்சினை ஒரு முழு நாள் மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்தான். அழுக்கு போகத்தான் தேய்த்தான் என்று ஊர் நினைத்தது.

பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் உருப்படியில்லை. பிஸ்டன் வளையம் தேய்ந்து எண்ணெய் மேலே ஏறியிருந்தது. வால்வு உட்கார்கிற இடமெல்லாம் குழி. புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய இரும்புக் குவியலில் துழாவி, ஒரு உடைந்த ஆட்டோவின் கியர் பெட்டியும் பின்சக்கரங்களும் எடுத்து வந்தான். வளையம் பொன்னேரிக் கடையில் கிடைத்தது. வால்வில் பேஸ்ட் தடவி, உள்ளங்கைக்கு நடுவில் தண்டை வைத்து, தயிர் கடைகிற மாதிரி உருட்டிக்கொண்டேயிருந்தான். பிறகு மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பான். ஒரு சொட்டு கசிந்தாலும் மறுபடி கடைவான். கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாள் ஒட்டி, இஞ்சின் தலையைக் கவிழ்த்துப் போட்டு எட்டுப் போட்டுத் தேய்த்தான். தலை தேயத் தேய உள்ளே இடம் குறுகும், அடி பலமாக விழும். கார்ப்பரேட்டர் ஓட்டையில் அடைத்த தூசை எடுக்க ஊசி போட்டால் ஓட்டை பெரிசாகிவிடும் என்று வலையிலிருந்து ஒரு நைலான் நரம்பை உருவி அதை விட்டு எடுத்தான்.

முதல் தடவை கயிறு சுற்றி இழுத்தபோது இஞ்சின் ஒரு தும்மல் தும்மியது. இரண்டாம் தடவை, புகை. மூணாம் தடவை பிடித்துக்கொண்டு டபடபவென்று கத்தியது. தெருவிலிருந்த நாய்களெல்லாம் ஏரிக்குள் இறங்கின. ஆதிகேசவன் திரும்பி வசந்தாவைத்தான் பார்த்தான், இஞ்சின் தன் கைக்கும் கேட்டதா இல்லையா என்று காட்ட. அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குக் கொஞ்ச நேரம் அவன் யார்மேலும் பொறாமைப்படவில்லை என்று சொல்கிறார்கள். நம்பத்தான் கஷ்டமாக இருக்கிறது.

அந்த வருஷத்து இழுப்பில் வண்டி நன்றாகத்தான் கிளம்பியது. தோணியில் சுண்ணாம்புக்குளத்தார் ஏற ஏற, இஞ்சின் முக்கிக்கொண்டே இழுத்தது. சுப்பராயலு போய் நின்ற கழிக்கு இன்னும் ஒரே கழி பாக்கி. சுண்ணாம்புக்குளத்தில் ஏற ஆள் தீர்ந்துவிட்டது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"ஏய், வசந்தா கீறாளே! அவ எங்க ஊட்டுப் பொண்ணுதானே? ஏறுடி வசந்தா!"

அவளும் சிரித்துக்கொண்டே ஓடிவந்து தோணியில் ஏறிவிட்டாள். பக்கத்திலேயே சித்தி, பெரியப்பா மகள்கள், எல்லோரும் இழுத்து அணைத்துக்கொண்டார்கள். சக்கரம் சுழன்றது, மணலைத் தோண்டியது, நின்றது.

ஆதிகேசவன் திரும்பிப் பார்த்தான். தோணி விளிம்புக்கு மேலே வசந்தாவின் முகம். வாய் கொள்ளாத சிரிப்பு. தோணிரேவில் வாழ வந்து அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை.

"பரவால்லண்ணே, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று சுப்பராயலு முதுகில் தட்டினான். அந்தத் தட்டு அடுத்த பொங்கல் வரைக்கும் வலித்தது.

வீட்டில் பேச்சு நின்றது. "சோறு", "தண்ணி", "வலை எங்க" என்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டது. அவள் ஏறியது பிறந்த ஊர் பாசத்திலா, இல்லை அவனைத் தோற்கடித்து அந்த மாமாவை ஜெயிக்க வைக்கவா? இதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. பொறாமைக்காரனுக்குக் கேட்கத் தெரியாது, கணக்குப் போடத்தான் தெரியும். அடுத்த இழுப்பில் அவள் எந்தத் தோணியில் ஏறுகிறாள் என்று பார்ப்போம். சுப்பராயலு இழுக்கும் தோணியில் ஏறினால் அவள் தோணிரேவுக்காரி. என் தோணியில் ஏறினால், முடிந்தது.

இதற்கு நடுவில் தோணிரேவுப் பையன்கள் சும்மா இருப்பார்களா?

"அண்ணே, சேதி தெரியுமா? சுப்பராயலு வண்டி முன்னாடி சேப்பு பெயிண்டுல வசந்தான்னு எழுதிக்கினு கீறானாம்."

உச்சி வெயிலில் தோணியை எடுத்துக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டே போனான் மனுஷன். சுண்ணாம்புக்குளத்தில் சுப்பராயலு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "வாண்ணே வாண்ணே, மோர் குடிண்ணே." ஆதிகேசவன் மோரைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து அடியில்கூடப் பார்த்தான். பெயரும் இல்லை, சிவப்பும் இல்லை. வண்டி முழுக்கப் பச்சைப் பெயிண்டு.

"இன்னாண்ணே தேடற?"

"ஒண்ணுமில்ல. பச்சை பளிச்சுனு கீதே, எங்க வாங்கினே?"

அடுத்த வாரம் பூரா பச்சைமேல் பொறாமை.

ஆனால் அவன் வண்டிக்குப் பெயிண்டு அடிக்கவில்லை. பெயிண்டும் பாரம்தானே? போன வருஷம் தோற்றதற்கு அவன் கண்டுபிடித்த காரணம் அதுதான், பாரம். ஏரியில் பிறந்து ஏரியில் வளர்ந்தவன். தோணி லேசாக இருந்தால்தான் ஓடும், கனத்தால் சேற்றில் தட்டும். அந்த ஒரு பாடத்தை எடுத்து இஞ்சினுக்கும் போட்டான். இரும்பு இருக்கையைக் கழற்றி எறிந்து மூங்கில் பிளாச்சு கட்டினான். சட்டத்தில் துளை துளையாகப் போட்டான். ப்ளைவீலைப் பொன்னேரி லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சீவினான். கடைசியில் வண்டியைப் பின்பக்கம் இரண்டு பேர் தூக்கிவிடலாம் என்கிற நிலைக்குக் கொண்டுவந்து, அதைத் தூக்கித் தூக்கிக் காட்டிப் பெருமைப்பட்டான். ஊரும் "அட, காத்து மாதிரி கீதே!" என்று மெச்சியது. அத்தனை பேரும் தோணிக்காரர்கள்.

வசந்தா மட்டும் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். "எங்க ஊர்ல உழுத வயல சமம் பண்ண மாடு கட்டி பரம்பு ஓட்றப்ப, பலகை வெறுமனே போனா மண்ணுமேல குதிக்கும். நைனா அதும்மேல ஏறி நின்னுக்குவாரு. நான் சின்னதுல நானும் ஏறிக்குவேன். அப்பதான் மண்ணு புடிக்கும்."

எங்க ஊர். அந்த இரண்டு வார்த்தைக்கு அப்புறம் ஆதிகேசவன் காதில் எதுவும் விழவில்லை. "உங்க ஊர்ப் பெருமைய உங்க ஊர்ல போயி பேசு" என்று எழுந்து போய்விட்டான். அவள் களைந்த தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகவே வாசலில் ஊற்றினாள்.

காணும் பொங்கல் வந்தது. மணல் திட்டு முழுக்க ஜனம். பஞ்சு மிட்டாய்க்காரன் ஒருத்தன் பழவேற்காட்டிலிருந்து வந்திருந்தான். நடுவர் ஜலாலுதீன் பாய். இரண்டு ஊருக்கும் ஐஸ் கொடுப்பவர், அதனால் இரண்டு ஊரும் அவரைப் பகைத்துக்கொள்ளாது.

முதலில் சுப்பராயலுவின் பச்சை வண்டி. தோணிரேவு ஆட்கள் கழிக்குக் கழி ஏறினார்கள். ஆரோக்கியமேரியக்கா "வழி விடுங்கடா" என்று ஏறி உட்கார்ந்ததும் தோணி ஒரு முழம் புதைந்தது, ஆனாலும் நகர்ந்தது. ஆதிகேசவன் வண்டியைப் பார்க்கவில்லை. வசந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோணிரேவுப் பெண்கள் எல்லோரும் ஏறினார்கள். வசந்தா ஏறவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். பச்சை வண்டி போன வருஷத்தைவிட ஒரு கழி கூடப் போய் நின்றது.

அவன் தன் வண்டிப் பக்கம் திரும்பினான். சரி, தெரிந்துவிட்டது.

அவன் முறை. கயிறு சுற்றி இழுத்தான், இஞ்சின் எகிறியது. கியரைப் போட்டதும் வண்டி பாய்ந்தது. தோணிரேவு விசில் அடித்தது. முதல் கழி, இரண்டாம் கழி, அப்புறம் இன்னும் சில. சுண்ணாம்புக்குளத்தார் சிரித்தபடி ஏறிக்கொண்டேயிருந்தார்கள். பாதி வழியிலேயே பின்சக்கரங்கள் வழுக்க ஆரம்பித்தன. இஞ்சினில் பலம் இருந்தது, இடி மாதிரி அடித்தது, ஆனால் சக்கரம் மணலைப் பிடிக்கவில்லை. சொரசொரவென்று மண்ணை வாரிப் பின்னால் இறைத்தது. வாய் நிறைய மணலோடு தோணியில் இருந்தவர்கள் வைதார்கள்.

"வசந்தா! இன்னும் ஒரு ஆளு போதும்! ஏறுடி!"

அவள் ஓடிவந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேராகத் தோணியைப் பார்த்து ஓடிவந்தாள். ஆதிகேசவன் ஹேண்டில் பாரைப் பிடித்தபடி கழுத்தை மட்டும் திருப்பினான். ஒரு வருஷமாகப் பூட்டிவைத்த வாய் தானாகத் திறந்தது.

"ஏறாத வசந்தா! வாணாம்! இங்க வாம்மே!"

தோணியின் விளிம்பிலிருந்து நீட்டிய கைகள் அவளுக்காகக் காத்திருந்தன. அவள் அவற்றைத் தாண்டினாள், கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினாள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் ஓடும் இரும்பின்மேல் இரண்டு காலையும் ஊன்றி ஏறி நின்று, புருஷன் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாடு கட்டிய பரம்பில் நிற்கிற மாதிரியே முழங்காலை மடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

சக்கரம் மண்ணைப் பிடித்தது.

"ஹை! ஹை!" என்று அவள் மாட்டுக்குச் சொல்வதை இஞ்சினுக்குச் சொன்னாள். அது வேறு என்ன செய்யும், போனது. தோணி, தோணிக்குள் சுண்ணாம்புக்குளம், சித்தி, பெரியப்பா மகள்கள், எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனது. பச்சை வண்டி நின்ற கழியைத் தாண்டி, அதற்கு அடுத்த கழிவரைக்கும் போய் ஒரு இருமல் இருமி அணைந்தது.

கூச்சல் அடங்கக் கொஞ்சம் நேரமாயிற்று. அடங்கியதும் சண்டை ஆரம்பித்தது. வண்டிமேல் ஓட்டுபவனைத் தவிர ஆள் இருக்கலாமா? ஜலாலுதீன் பாய் தாடியைத் தடவினார். "ஏறக்கூடாதுன்னு யாரும் சொல்லல. ஏறலாம்னும் யாரும் சொல்லல. நான் இன்னாத்த சொல்றது?"

சுப்பராயலு முன்னால் வந்தான். மணல் படிந்த முகத்தில் அதே சிரிப்பு. "விடுங்க பாய். எங்க வசந்தா இப்டி ஒரு வேலை பண்ணுவான்னு எனக்கே தெரியல. அண்ணன் ஜெயிச்சதா வெச்சுக்கலாம். நான் விட்டுக்குடுக்கறேன்."

தோணிரேவு கைதட்டத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. ஏனென்றால் ஆதிகேசவன் வண்டியை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தான்.

"இன்னாது, விட்டுக்குடுக்கறியா? யாரு கேட்டாங்க உன்னைய? பாய், எழுதிக்கங்க. வண்டிமேல ரெண்டு ஆளு இருந்துச்சு, தப்பு. அவன்தான் ஜெயிச்சான். குடுங்க அவனுக்கு!"

"அண்ணே..."

"குடுங்கன்றேன்!"

சுப்பராயலுவின் பெருந்தன்மைமேல் வந்த பொறாமையில் ஒருத்தன் தான் ஜெயித்ததைத் தூக்கிக் கொடுத்தான். தோணிரேவு தலையில் கைவைத்து உட்கார்ந்தது. ஆரோக்கியமேரியக்கா, "இதுக்கா ஒரு மாசமா தின்னேன்" என்றாள்.

திரும்பும்போது தோணியில் அவர்கள் இரண்டு பேர்தான். வண்டியை ஊரார் பெரிய தோணியில் ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டார்கள். ஆதிகேசவன் கழி ஊன்றினான். ஏரி முழங்கால் ஆழத்துக்குமேல் இல்லை, தூரத்தில் நாரைகள் நடந்துகொண்டிருந்தன. முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"போன வருசம் ஏம்மே அதுல ஏறினே?"

"அவங்க கூப்டாங்க."

"கூப்ட்டா ஏறிடுவியா?"

"நீ கூப்டியா?" என்றாள் வசந்தா. "வண்டி கட்டினே, ராவினே, தேச்சே. ஒரு வார்த்தை வாடி, வந்து நில்லுடின்னியா? ஊரே நிக்குது, என்னைய எந்தப் பக்கம்னு ஒருத்தரும் சொல்லல. அவங்க எங்க பொண்ணுன்னாங்க. போனேன். இன்னைக்கும் மாமா இழுக்கற தோணியில ஏறுன்னு நீ சொல்லல, அதான் ஏறல. அப்பறம் இங்க வாம்மேன்னே, வந்தேன்."

ஆதிகேசவனுக்குக் கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை உருவுகிற சாக்கில் அவளுக்கு முதுகைக் காட்டியபடி கொஞ்ச நேரம் நின்றான். அதில் அத்தனை நேரம் மாட்டிக்கொள்ளுமளவுக்கு அங்கே சேறு கிடையாது.

"தோள்ல நகம் பட்டுச்சு" என்றான் கடைசியாக.

"எரியுதா?"

"இல்ல. நல்லாத்தான் கீது."

அடுத்த வருஷம் ஜலாலுதீன் பாய் விதியை மாற்றினார். ஓட்டுபவரோடு இன்னொருத்தர் வண்டிமேல் நிற்கலாம். ஆதிகேசவன் துளைகளை எல்லாம் அடைத்து, பின்னால் ஒரு பலகை போட்டு, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்தான். வசந்தாவின் உயரத்துக்கு அளந்து வைத்த கம்பி அது. கழுத்துக்கு வருகிறதா, மார்புக்கு வருகிறதா என்று அவளை நாலு தடவை ஏற்றி இறக்கினான். எண்பதுகள் முடியும்வரை அந்த வண்டி சில வருஷம் ஜெயித்தது, சில வருஷம் தோற்றது. சுப்பராயலு தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தான், அவள் வரமாட்டேன் என்றாள். கடைசியில் கிணற்றுச் சண்டை போட்ட அம்மாவையே ஏற்றினான். "அவன் அம்மா நல்ல கனம், குடுத்துவெச்சவன்" என்று ஆதிகேசவன் பெருமூச்சு விட்டதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆள் மாறிவிடவில்லை. இரண்டு ஊரிலும் அந்த வண்டிக்கு வசந்தா மோட்டார் என்றே பெயராகிவிட்டது. கூட்டம் கத்துவதும் அவள் பெயரைத்தான். ஒரு பொங்கலன்று, வண்டி கிளம்பக் கயிறு சுற்றிக்கொண்டே அவன் முணுமுணுத்தான்.

"எல்லாரும் வசந்தா வசந்தான்றானுங்க. வண்டிய ஓட்றது யாரு?"

பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"அழுத்தறது யாரு? இழுய்யா கயித்த."